ஹுஷாரில்லா

2008ஆம் ஆண்டு வேலை நிமித்தமாகப் பெங்களூருக்குப் போய், பசவனகுடியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குக் குடியேறினேன். கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மாவும் அவர் கணவரும் இருந்தார்கள். அந்த அம்மாவுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. எனக்குக் கன்னடம் காதில் விழும், தலையில் ஏறாது. வாடகையை மாதம் ஐந்தாம் தேதி கணவர் கையில் கொடுப்பது வழக்கம். மூன்றாவது மாதம் நான் கதவைத் தட்டியபோது அந்த அம்மாவே வந்து, "அவரிகெ ஹுஷாரில்லா" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். ‘அவருக்கு உஷார் போதாது, பணத்தை என்னிடம் கொடு’ என்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். கட்டிய கணவரை ஏமாளி என்று வெளியாள் ஒருவனிடம் சொல்கிறாரே என்று சங்கடமாக இருந்தாலும், போன மாதம் அந்த மனிதர் ஐந்நூறு ரூபாய் குறைவாக எண்ணி வாங்கி, நானே எடுத்துச் சொல்லித் திருத்த வேண்டியிருந்ததும் நினைவுக்கு வந்தது. எனவே, "அதனால என்னம்மா, வயசானா எல்லாரும் அப்படித்தான், நீங்கதான் பக்கத்துல இருக்கீங்கல்ல" என்று சிரித்துக்கொண்டே ஆறுதல் சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். உள்ளே அவர் கணவர் நான்கு நாள்களாகக் காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்தார் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்த பிறகு விளக்கினார். கன்னடத்தில் ‘ஹுஷாரில்லா’ என்றால் உடம்பு சரியில்லை என்று பொருள். ‘ஹுஷாராகித்தீரா?’ என்று கேட்டால் நலமாக இருக்கிறீர்களா என்று கேட்பதாகும். ‘ஹுஷாராகி ஹோகு’ என்றால் பார்த்துப் போ. வகுப்பில் முதலாவதாக வரும் பையனும் ‘ஹுஷாரு’தான். ஒரே சொல் உடம்புக்கும் மூளைக்கும் எச்சரிக்கைக்குமாக மூன்று வேலை பார்க்கிறது. நமக்குத் தெரிந்தது அவற்றில் ஒன்று மட்டும்தான்.

அன்றிலிருந்து இந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. பெங்களூர் அதற்கு வசதியான ஊர். ஒரு தேநீர் இடைவேளையிலேயே ஐந்தாறு மொழிக்காரர்களிடம் விசாரித்துவிடலாம். தெலுங்கு நண்பரிடம் ‘ஹுஷாரு’ என்றால், உற்சாகம் என்றார். துள்ளலான பாட்டு ஹுஷாரான பாட்டு. கல்யாண வீட்டில் ஓடியாடி வேலை செய்பவன் ஹுஷாராக இருக்கிறான். கோழிக்கோட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார்: அவர்கள் ஊரில் ஒரு விழா அமர்க்களமாக நடந்து முடிந்தால் ‘பரிபாடி உஷாராயி’ என்பார்கள், சோர்ந்து உட்கார்ந்திருப்பவனை ‘உஷாராகு’ என்று தட்டி எழுப்புவார்கள். மராத்திக்காரருக்கு அது அறிவு மட்டுமே. ‘முல்கா ஹுஷார் ஆஹே’ என்று தன் மகனைப் பற்றி அவர் சொன்னபோது அதில் பெருமை தவிர வேறு எதுவும் இல்லை. இந்திக்காரரோ அந்த அறிவில் கொஞ்சம் கள்ளத்தனத்தையும் கலந்து, ‘ஜ்யாதா ஹோஷியார் மத் பன்’, அதாவது ரொம்பக் கெட்டிக்காரத்தனம் காட்டாதே என்று மிரட்டவும் பயன்படுத்துகிறார்.

பிறகு ஒருநாள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, எண்பது வயதைக் கடந்த அவருடைய தந்தையைப் பற்றிக் கேட்டேன். "ஆள் நல்ல உசார், இப்பவும் சைக்கிள்லதான் கடைக்குப் போறவர்" என்றார். தமிழிலேயே அந்தச் சொல் தெம்பையும் சுறுசுறுப்பையும் குறித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் அது கடலுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கத்துத் தமிழர்களாகிய நமக்குத்தான் உஷார் என்றவுடன் பையில் உள்ள பணப்பையைத் தொட்டுப்பார்க்கத் தோன்றுகிறது.

சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. ‘ஹோஷ்’ என்றால் உணர்வு, நினைவு, சுயபுத்தி. இந்தியில் மூர்ச்சையாகி விழுந்தவரை ‘பேஹோஷ்’ என்பது இதே ஹோஷ் இல்லாத நிலையைத்தான். அந்த ஹோஷை உடையவன் ஹோஷியார். நாம் முதலில் ‘ஹ’வை உதிர்த்து உஷார் ஆக்கினோம், கிரந்த எழுத்தும் வேண்டாதவர்கள் உசார் என்று எழுதினார்கள். இதுவரை எந்த அகராதிக்காரரும் சொல்லிவிடக்கூடிய செய்திதான். எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. பாரசீகக் கவிதையில் இந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக வழங்குவது ‘மஸ்த்’ என்பது, அதாவது மதுவில் மயங்கியவன். ஹோஷியார் என்பவன் முதன்மையாகப் போதையில் இல்லாதவன். நம் ஊர் வழக்கில் சொன்னால் தெளிந்தவன். "மாப்ளைக்குத் தெளிஞ்சிருச்சா?" என்று கேட்கும்போது நாம் எந்தத் தெளிவைக் குறிக்கிறோமோ அந்தத் தெளிவுதான் உஷாரின் வேர்ப்பொருள்.

இதை அறிந்துகொண்ட பிறகு, விழிப்பைக் குறிக்க நாம் வைத்திருக்கும் மற்றச் சொற்களை எடுத்துப் பார்த்தேன். விழிப்பு என்பது கண்ணைத் திறந்திருப்பது. ஜாக்கிரதை என்பது வடமொழியில் ‘விழித்திருத்தல்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. சைவ சித்தாந்தம் கற்றவர்கள் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி என்று அடுக்கும்போது முதலில் வருகிற சாக்கிரம் நனவுநிலைதான். இரவில் தெருவில் ‘ஜாக்தே ரஹோ’ என்று வடநாட்டுக் காவலர்கள் குரல் கொடுப்பதும், நம் தெருவில் வாசல் கதவில் தொங்கும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகையும் ஒரே வேரில் கிளைத்தவை. எச்சரிக்கைக்கும் அதே கதைதான். கன்னடத்தில் ‘எச்சர ஆயித்து’ என்றால் தூக்கம் கலைந்துவிட்டது என்று பொருள். ஆக, இந்தச் சொற்கள் அத்தனையும் தூக்கத்தைத்தான் எதிரியாக வைத்துப் பேசுகின்றன. உஷார் ஒன்றுதான் தூக்கத்தை விட்டுவிட்டு மயக்கத்தை எதிரியாக வைக்கிறது. தூங்காமல் இருப்பதும் மயங்காமல் இருப்பதும் ஒன்றா என்று கேட்டால், ஒன்றல்ல என்று எனக்கு என் தந்தையார் வழியாகத் தெரியும்.

அவர் விருதுநகர் மாவட்டத்து நூற்பாலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் இரவுக் காவலராக இருந்தவர். காவலுக்குப் போகும்போது தோளில் ஒரு தோல்பையைக் குறுக்காக மாட்டிக்கொள்வார். அதற்குள் உள்ளங்கையைவிடப் பெரிதான, கனமான ஒரு வட்டக் கடிகாரம் இருக்கும். அதன் மூடி பூட்டியிருக்கும். பூட்டின் திறவுகோல் அவரிடம் கிடையாது, மேற்பார்வையாளரிடம் இருக்கும். ஆலைக்குள் எட்டு இடங்களில், பஞ்சுக் குடோனில், மின்சார அறையில், பின்கேட்டில் என்று, சுவரில் சங்கிலியால் பிணைத்த ஒவ்வொரு சாவி தொங்கும். சுற்றி வரும்போது ஒவ்வோர் இடத்திலும் அந்தச் சாவியை எடுத்துக் கடிகாரத்தின் துளையில் நுழைத்துத் திருக வேண்டும். திருகினால் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் காகிதத்தில் அந்தச் சாவியின் எண் அழுந்தப் பதியும். காலையில் கடிகாரத்தைத் திறந்து காகிதத்தை எடுத்துப் பார்த்தால், எந்த மணிக்கு எந்த மூலையில் காவலர் இருந்தார் என்பது தெரிந்துவிடும். எங்கே எவ்வளவு நேரம் தூங்கினார் என்பதும் இடைவெளியிலிருந்து தெரிந்துவிடும். ‘சாவி போடுறது’ என்று அவர்கள் இதைச் சொல்வார்கள். "எத்தனாவது சாவி போட்ட?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது, மணி என்ன என்று கேட்பதற்குச் சமம்.

சிறுவனாக இருந்தபோது அந்தக் கடிகாரத்தை என் காதருகே வைத்துக் கேட்க விடுவார். வீட்டுக் கடிகாரத்தைப் போல் இல்லாமல், அதன் சத்தம் ஈரத் துணிக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக இருக்கும். கிளம்பும்போது அம்மா வழக்கமாக, "சூதானமாப் போயிட்டு வாங்க" என்பாள். எங்கள் பக்கத்தில் உஷாரைவிட, ஜாக்கிரதையைவிட அதிகம் புழங்கும் சொல் சூதானம்தான். அதில் பயமுறுத்தல் கிடையாது, கரிசனம் மட்டும்தான் இருக்கும்.

ஒரு தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, போனஸ் கொடுத்த இரவில், பின்கேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. காலையில் கடிகாரத்தைத் திறந்து பார்த்தார்கள். எட்டுச் சாவிகளும் ஒவ்வொரு சுற்றிலும் நேரம் தவறாமல் பதிந்திருந்தன. பின்கேட்டுச் சாவி மட்டுமே அந்த இரவில் ஆறு முறை பதிந்திருந்தது. ஆறு முறையும் அந்த இடத்தில் என் தந்தையார் நின்றிருக்கிறார், கம்பி இருந்ததா இல்லையா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மெமோ கொடுத்தார்கள், அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியையும் பிடித்தார்கள். ஆலைக்காரர்களைக் குறை சொல்லி அவர் பேசியதை நான் கேட்டதில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒருநாள் அவராகவே என்னிடம் சொன்னார்: "முழிச்சுத்தான்டா இருந்தேன். ஒரு நொடி கண்ணசரல. ஒனக்கும் தங்கச்சிக்கும் என்ன துணி எடுக்கலாம், பட்டாசுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்னு கணக்குப் போட்டுக்கிட்டே சாவி போட்டேன். ரொம்ப சந்தோஷமா இருந்தேன் அன்னைக்கு."

அந்தக் காகிதம் காட்டியது விழிப்பு. அவரிடம் அன்று இல்லாமல் போனது உஷார். கால் நடந்தது, கை திருகியது, கண் திறந்திருந்தது. ஹோஷ் மட்டும் ஜவுளிக்கடையில் இருந்தது. மதுவைத் தொடாத மனிதர், மகிழ்ச்சியில் மயங்கியிருந்தார்.

திருக்குறளின் 54ஆம் அதிகாரமான பொச்சாவாமையை நான் பள்ளியில் மனப்பாடம் செய்தவன்தான், ஆனால் அது எதைப் பற்றியது என்பது இந்தக் கதையைக் கேட்ட பிறகே எனக்கு உறைத்தது. பொச்சாப்பு என்பதற்கு மறதி என்று உரை எழுதுவார்கள். ஆனால் வள்ளுவர் அதிகாரத்தைத் தொடங்குவதே இப்படித்தான்: ‘இறந்த வெகுளியின் தீதே சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு.’ அளவு கடந்த கோபத்தைவிடக் கெட்டது, பெருமகிழ்ச்சியில் திளைத்து அதனால் வரும் சோர்வு என்கிறார். சோர்வு என்றால் களைப்பால் வருவது என்றுதான் நாம் நினைப்போம். அவர் மகிழ்ச்சியால் வருவதைச் சொல்கிறார். இதே அதிகாரத்தில் 539ஆம் குறளில், தம் மகிழ்ச்சியில் தாம் செருக்குற்றிருக்கும் நேரத்தில், அப்படி மெத்தனமாக இருந்து கெட்டவர்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறார். பழந்தமிழில் ‘மகிழ்’ என்ற சொல்லுக்குக் கள் என்றும் கள்ளுண்ட களிப்பு என்றும் பொருள் உண்டு என்பதைச் சேர்த்துப் பார்த்தால், பாரசீகக்காரர்கள் ஹோஷியார், மஸ்த் என்று எதிரெதிரே நிறுத்திய அதே இரண்டு பேரைத்தான் வள்ளுவரும் நிறுத்துகிறார் என்று தோன்றுகிறது. யாரும் யாரிடமும் கேட்டு எழுதியதில்லை. காவல் இருந்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும் போல.

ஆனால் இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. மயங்காதவனைக் குறிக்கப் பிறந்த சொல், தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் போய் உற்சாகமாக, கொண்டாட்டமாக மாறியிருக்கிறதே? வள்ளுவர் எதைப் பகை என்றாரோ, அதையே அங்கே சொல்லின் பொருளாக்கிவிட்டார்கள். என் கணிப்பு இது: தெளிந்த மனிதனை வெளியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? கண்ணில் ஒளி, நடையில் துள்ளல், பேச்சில் சுறுசுறுப்பு. காய்ச்சல் விட்டு எழுந்தவனிடமும் அதுவே தெரியும், பாடம் பளிச்சென்று புரிந்த மாணவனிடமும் அதுவே தெரியும். ஒவ்வொரு மொழியும் அந்த மனிதனின் ஒவ்வொரு பக்கத்தில் நின்று பார்த்து, தனக்குத் தெரிந்ததை அந்தச் சொல்லின் பொருளாக்கிக்கொண்டது. கன்னடம் அவன் உடம்பைப் பார்த்தது, மராத்தி நெற்றியைப் பார்த்தது, தெலுங்கு அவன் முகத்தைப் பார்த்தது.

தமிழ்நாடு எந்தப் பக்கத்தில் நின்றது என்பதற்கு இந்தச் சொல் வந்த வழியைப் பார்க்க வேண்டும். பாரசீகமும் உருதும் நம்மிடம் பெரும்பாலும் கச்சேரி வாசல், அதாவது அரசு அலுவலக வாசல் வழியாகத்தான் நுழைந்தன. ஆர்க்காட்டு நவாபுகள் காலத்திலும், 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியர் காலத்திலும், அதன் பிறகு அந்த நிர்வாகச் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்ட கும்பினியார் காலத்திலும் நமக்கு வந்து சேர்ந்தவற்றை வரிசையாக நினைத்துப் பாருங்கள்: வசூல், பாக்கி, ஜப்தி, ஜாமீன், கைதி, வக்கீல், தாசில்தார், சிப்பாய், ஆஜர், ரத்து. ஆண்டுதோறும் இன்றும் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது. குஷி, ஜோர், பேஷ் போன்ற சில சந்தோஷமான சொற்களும் ஒட்டிக்கொண்டு வந்தனதான், ஆனால் பெருங்கூட்டம் அதிகாரத்தின் கூட்டம். உஷாரும் அந்தக் கூட்டத்தோடு வந்ததாகத்தான் நினைக்கிறேன். பழைய அரண்மனைப் படங்களில் சிறைச்சாலை வாசலில் ஈட்டியோடு நிற்பவர்கள் ‘பாரா உஷார்!’ என்று கத்துவார்களே, அந்தப் பாராவும் காவலைக் குறிக்கும் இந்திச் சொல்தான். காவலன் வாயிலிருந்து கேட்டதால் நமக்கு அது காவல்காரன் சொல்லாகவே தங்கிவிட்டது. யாரோ ஒருவர் கூவி, நாம் பயந்து நிமிரும் சொல். நலம் விசாரிக்கும் சொல்லாக அது வீட்டுக்குள் வரவே இல்லை.

செய்தித்தாள் அதை இன்னும் இறுக்கியது. ‘போலீசார் உஷார்’, ‘கடலோர மாவட்டங்கள் உஷார்’, ‘உஷார்ப்படுத்தப்பட்டனர்’ என்று தலைப்பில் மட்டும் பயன்படும் சீருடைச் சொல்லாகிப்போனது. ‘ஆளு ரொம்ப உஷாரு’ என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது மராத்தியின் கெட்டிக்காரத்தனம் லேசாக எட்டிப்பார்க்கிறது என்றாலும், அது பாராட்டு அல்ல, அவரிடம் கடன் கேட்காதே என்ற தகவல். சென்னைப் பையன்கள் இதைத் தலைகீழாகத் திருப்பியதை மட்டும் நான் ரசிக்கிறேன். ‘உஷார் பண்ணிட்டான்’ என்றால் ஒன்றைத் தந்திரமாகக் கைப்பற்றிவிட்டான் என்று பொருள். அது அடுத்தவனுடைய பேனாவாகவும் இருக்கலாம், பேருந்தில் சன்னலோர இருக்கையாகவும் இருக்கலாம், ஒரு பெண்ணின் மனமாகவும் இருக்கலாம். காவல்காரனின் சொல்லை எடுத்துத் திருடனிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பின்கேட்டுச் செம்பையும் யாரோ உஷார் பண்ணிக்கொண்டுதானே போனார்கள்.

இதே வகையில் தடம் மாறிய இன்னொரு சொல்லையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருந்தவர்களுக்குத் தெரியும், அணிவகுப்பில் கட்டளைகள் இந்தியில்தான் வரும். ‘சாவ்தான்!’ என்றால் குதிகால்களைச் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, ஈ மூக்கில் உட்கார்ந்தாலும் அசையாமல் நிற்க வேண்டும். ‘விஷ்ராம்’ என்றால்தான் காலை அகற்றலாம். பாகிஸ்தான் படையில் இதே கட்டளைக்கு ‘ஹோஷியார்’ என்றே கூவுகிறார்கள். சாவ்தான் என்பது வடமொழியின் சாவதானம். அவதானத்தோடு கூடியிருத்தல் என்று பொருள். ஆனால் நம் தமிழில் ‘அவர் சாவதானமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்’ என்று எழுதினால் என்ன அர்த்தம்? அவசரமே இல்லாமல், காலை நீட்டி உட்கார்ந்து என்று அர்த்தம். கட்டளையைக் கேட்டு விறைத்து நின்ற சொல்லை நாம் திண்ணையில் உட்காரவைத்து விசிறியும் கொடுத்துவிட்டோம். ஒரு வேலையைப் பதற்றமில்லாமல் கவனமாகச் செய்கிறவன், பார்ப்பவர் கண்ணுக்கு மெதுவாகச் செய்கிறவனாகத் தெரிந்திருப்பான், அப்படித்தான் இந்த மாற்றம் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் அம்மாவின் சூதானத்துக்குள்ளும் இந்தச் சாவதானம்தான் ஒளிந்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இலங்கைத் தமிழில் அவதானம் இன்றைக்கும் அதன் பழைய விறைப்போடு இருக்கிறது. ‘அவதானமாக இருங்கள்’ என்று அங்கே அறிவிப்பு வரும்.

அவதானத்தின் உச்சத்தைக் கலையாகவே நிகழ்த்தியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு சென்னையில் சதாவதானம், அதாவது நூறு அவதானம் செய்து காட்டிச் சதாவதானி என்ற பட்டத்தோடு ஊர் திரும்பினார். முதுகில் எறியப்படும் பொருள்களின் எண்ணிக்கை, இடையிடையே ஒலிக்கும் மணியோசையின் எண்ணிக்கை, யாரோ கொடுத்த ஈற்றடிக்கு உடனே ஒரு வெண்பா, இன்னொருவரின் குறுக்குக் கேள்விக்குப் பதில் என்று ஒரே அமர்வில் பல திசைகளிலிருந்து வருவனவற்றுக்கு ஒரு மனத்தைப் பங்கிட்டுக் கொடுத்து, எதையும் நழுவவிடாமல் கடைசியில் திருப்பிச் சொல்லும் கலை அது. என் தந்தையாரிடம் அன்றிரவு கேட்கப்பட்டது அதில் மிகச் சிறிய பங்கு: ஒரு காதில் மகளின் பாவாடை, ஒரு கண்ணில் செம்புக் கம்பி. இரண்டாவதானம்கூட எல்லோருக்கும் எல்லா இரவும் வாய்க்காது.

இப்போதெல்லாம் நம் ஊடகங்களுக்கு உஷாரும் பழசாகி, ‘அலர்ட்’ வந்துவிட்டது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் மூதாதை ஒரு காவற்காரன்தான். உயரமான இடத்தில் ஏறி நின்று காவல் காப்பதைக் குறித்த இத்தாலியத் தொடரிலிருந்து அது வந்தது. தினைப்புனத்தில் பரணில் ஏறிக் கிளியோட்டிய நமக்கு அந்த உயரம் புதிதல்ல. மழைக்காலத்தில் ‘ரெட் அலர்ட்’ என்று எல்லாத் தொலைக்காட்சிகளும் அலறும். வானிலைத் துறையின் வண்ணங்களில் மஞ்சள், நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிரு என்கிறது. ஆரஞ்சு, ஆயத்தமாக இரு என்கிறது. சிவப்பு, செயலில் இறங்கு என்கிறது. துறையின் கணக்கில் அலர்ட் என்பது ஆரஞ்சு நிறத்துக்கு உரியது, சிவப்புக்கு அல்ல. தமிழில் மூன்று நிறத்துக்கும் ‘எச்சரிக்கை’ என்ற ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறோம். மஞ்சளுக்குக் கவனம், ஆரஞ்சுக்கு உஷார், சிவப்புக்கு எச்சரிக்கை என்று வைத்திருந்தால், எப்போது தண்ணீர் பிடித்து வைப்பது, எப்போது மேட்டுக்கு நகர்வது என்று நிறத்தைப் பார்க்காத கிழவிக்கும் காதிலேயே புரிந்திருக்கும். சொல்லுக்கா நமக்குப் பஞ்சம்?

2019இல் என் தந்தையாருக்குப் பித்தப்பையில் கல் என்று கண்டுபிடித்து, பெங்களூருக்கே அழைத்து வந்து அறுவை சிகிச்சை செய்தோம். காவல் வேலையிலிருந்து அவர் ஓய்வுபெற்று அப்போது பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. சிகிச்சை முடிந்து கண்காணிப்பு அறைக்குக் கொண்டுவந்து, மயக்கம் தெளிவதற்காகக் காத்திருந்தார்கள். என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். கண் இமை துடித்தது, ஆனால் திறக்கவில்லை. இளம் செவிலியர் ஒருவர் குனிந்து, அவர் தோளைத் தட்டி, "தாத்தா, தாத்தா, ஹுஷாரா?" என்று கேட்டார். இரண்டாம் முறை கேட்டபோது என் தந்தையாரின் வலது கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. ஊசி குத்தி ஒட்டியிருந்த அந்தக் கை, கட்டிலின் கம்பியைத் தேடிப் பிடித்து, விரல்களால் எதையோ பற்றி ஒரு முறை திருகியது.

"எட்டும் போட்டாச்சுங்கய்யா" என்றார், கண்ணைத் திறக்காமலேயே. "கம்பி இருக்கு. பாத்துட்டேன்."

செவிலியர் என்னைப் பார்த்து, "ஏனு ஹேளிதரு?" என்று கேட்டார். என்ன சொன்னார் என்று கேட்கிறார். அதற்குள் அந்த அளவு கன்னடம் எனக்குத் தலையில் ஏறியிருந்தது.

"ஹுஷாரு" என்றேன்.